யார் பண்ணது இது?

வெண்ணெய் பிஸ்கட்டில் ருசி கொண்டுவருவது பெரிய காரியமில்லை சார். வெண்ணெய், மாவு, சர்க்கரை மூன்றும் சேர்ந்தால் யார் செய்தாலும் வாயில் கரையும். வடிவத்தைக் காப்பாற்றுவதுதான் பாடு. ஓவனுக்குள் அன்னப்பறவையாகப் போவது வெளியே வரும்போது வாத்தாக வரும். ஆரம்பத்தில் நான் எத்தனையோ வாத்துகளைப் பெற்றெடுத்தவன்.

உட்காருங்கள். அண்ணனைப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாமேல் என் அண்ணன் மகள் போலீசில் கொடுத்த புகாருக்கு நான் சாட்சி சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் எனக்குச் சொல்ல வரும். பார்த்த உத்தியோகம் அப்படி. நகரசபையில் வரைபடம் போடுகிறவனாக இருந்தேன். சாக்கடைக் குழாய் எந்தத் தெருவில் திரும்புகிறது, எங்கே போய் விழுகிறது என்று கோடு போடுவேன். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் "என்ன அழகு" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அந்த ஆளை நானே சந்தேகப்பட்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு போனில் வீடியோ பார்த்து பிஸ்கட் செய்யக் கற்றுக்கொண்டேன். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாதவன், பொழுது போக வேண்டாமா. தகரத்தை வளைத்து அச்சுகளை நானே செய்தேன். மாவை ஃப்ரிட்ஜில் வைத்து இறுக விட்டு வெட்டினால் ஓரம் அப்படியே நிற்கும் என்று கண்டுபிடித்த அன்று, தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டேன். முட்டை வெள்ளைக்கருவில் சர்க்கரைத் தூளைப் போட்டு அடித்து, காகிதக் கூம்பில் நிரப்பி, மீனுக்குச் செதில் செதிலாகக் கோடு இழுப்பேன். செய்வதற்கு நான் ஒருவன் இருந்தேன். தின்பதற்குத்தான் நாதி இல்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு தட்டு நிறையக் கொண்டுபோய் நீட்டினேன். "எங்க வீட்ல யாரும் இனிப்பே தொடறதில்லீங்க" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் அண்ணன் ஓவிய ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு அவர் கை வைத்துத்தான் படம் வந்தது. சின்ன வயதில் நான் வரைந்ததை எல்லாம் அவரிடம்தான் ஓடிப்போய்க் காட்டுவேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கோடு நேரா வருதுடா. படம் வரலை" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். மருந்து எழுதித் தருகிற மாதிரி சொல்வார். அதனால்தான் நான் சாக்கடைக்குப் போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கே சிரிப்பு வரும்.

அண்ணி போன பிறகு அண்ணனுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து "இன்னும் சாப்பாடு போடலையா" என்பார். அண்ணன் மகளுக்கு வேலை வேறு ஊரில். "சித்தப்பா, நீங்க அப்பாகூட இருந்தா எனக்கு நிம்மதி" என்றாள். ஓவனையும் அச்சுகளையும் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணனுக்குச் சர்க்கரை நோய் ரொம்ப நாளாக உண்டு. தினமும் ஊசி. இனிப்பை அவர் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். நானும் நன்றாகத் தலையாட்டினேன்.

ஒரு சாயங்காலம் மீன் பிஸ்கட்டுகளைச் சாப்பாட்டு மேசையில் காய வைத்திருந்தேன். அண்ணன் வந்து ஒன்றைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, மாணவர்களின் படத்தைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"யார் பண்ணது இது?"

"நான்தாண்ணா."

"நீயா? அழகா இருக்குடா."

சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார். நான் தட்டிவிட்டிருக்கலாம். கை எட்டுகிற தூரத்தில்தான் நின்றேன். ஆனால் அந்த வார்த்தையை அனுபவித்துக்கொண்டிருந்த நேரத்தில் கை என்ன செய்யும். சற்று நேரம் கழித்து மறுபடி வந்தார். "யார் பண்ணது இது?" என்றார். முகத்தில் அதே ஆச்சரியம், புத்தம் புதிதாக. நானும் அதே பதிலைச் சொன்னேன். மீன் தீர்ந்தபோதுதான் அண்ணனும் நிறுத்தினார்.

மறுநாள் இலை செய்தேன். அதற்கடுத்து வண்ணத்துப்பூச்சி. நான் கெட்டவன் இல்லை சார், யோசித்துப் பார்த்தேன். சர்க்கரை இல்லாமலும் ஒரு முறை செய்து பார்த்தேன். மாவு பிடிமானமில்லாமல் உதிர்ந்து இறக்கைகள் எல்லாம் ஒடிந்து விழுந்தன. மேலே போடுகிற கோடும் சர்க்கரை இல்லாவிட்டால் நிற்காது, வழிந்துவிடும். அப்படி ஒரு அவலட்சணத்தை ஓவிய ஆசிரியர் முன்னால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பழையபடியே செய்தேன். வெண்ணெய் மட்டும் முதல் தரம். அதில் நான் கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை.

அண்ணனுக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார். "என்னதான் சாப்பிடறாரு?" என்று கேட்டார். "வேகவச்ச காய்கறிதான் டாக்டர்" என்றேன். அதுவும் பொய் இல்லை, அதையும் சாப்பிட்டார். பிறகு கால் விரலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. கறுத்தது. விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீடு திரும்பிய அன்று சந்தோஷத்துக்காக அன்னப்பறவை செய்தேன். அதுவரைக்கும் செய்ததிலேயே அதுதான் சிறந்தது. கழுத்து ஒன்றுகூட உடையவில்லை.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸம்மா கெட்டிக்காரி. நான் பிஸ்கட் செய்வதை விட்டாயிற்று என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அவர் கிளம்பின பிறகுதான் ஓவனைப் பற்றவைப்பேன். ஆனால் அண்ணன் படுக்கையில் எறும்பு வர ஆரம்பித்தது. நான் எவ்வளவு தட்டி விரித்தாலும் எறும்புக்குத் தெரியாதா. ஆபரேஷனுக்காக வந்திருந்த அண்ணன் மகளிடம் நர்ஸம்மா என் எதிரிலேயே சொன்னார்: "அம்மா, யாரோ ஐயாவுக்கு இனிப்பு குடுக்கறாங்க. கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியலை."

அன்று மத்தியானம், நீங்கள் இப்போது கையில் கொண்டுவந்திருக்கிறீர்களே, அந்த நீல டப்பாவில் என் பிஸ்கட்டுகளைப் போட்டு எடுத்து வைத்தேன். நர்ஸம்மாவின் பைக்குள் வைக்கவில்லை. அது அநியாயம். பைக்குப் பக்கத்தில் வைத்தேன். என் கைவேலையை அதுவரை பார்த்திராத அண்ணன் மகள் பார்த்துவிட்டாள், டப்பாவைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். "உங்க வீட்லேர்ந்து கொண்டுவந்து குடுத்துட்டு, எறும்பு கதை சொல்றீங்களா?" என்று கேட்டாள். நர்ஸம்மா அழவில்லை. என்னைப் பார்த்து, "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் அண்ணனின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவரை எந்த வீட்டிலும் வேலைக்கு வைத்துக்கொள்ளவில்லை என்று கேள்விப்பட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

வேறு நர்ஸ் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் மகள் என் காலைத் தொட வந்தாள். நான் தடுத்துவிட்டேன். எனக்கும் கூச்சம் உண்டு.

பிறகு அண்ணனுக்குக் கண் மங்கியது. டாக்டர் அதுவும் சர்க்கரையால்தான் என்றார். எனக்கு ரொம்பக் கவலையாகிவிட்டது. இத்தனை நுணுக்கமாகச் செய்து என்ன பிரயோஜனம், பார்க்க முடியாவிட்டால்? இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். அப்புறம் கோடுகளைத் தடிமனாக, மேடாகப் போட ஆரம்பித்தேன். அண்ணன் விரலால் தடவிப் பார்ப்பார். இலையின் நரம்பு ஒவ்வொன்றாக விரல் போகும். "இலையாடா? அழகா இருக்குடா" என்பார். மேடாகப் போட்டால் சர்க்கரை இரண்டு மடங்கு பிடிக்கும், அது ஒன்றுதான்.

சரி, கேட்க நினைக்கிறீர்கள். இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்? ஒரு நிரபராதிப் பெண் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மனசாட்சி உறுத்தியது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நீங்கள் உள்ளே வந்ததும் டப்பாவைத் திறந்து, "அந்தம்மாவுக்கு நல்ல கைவேலை சார், எவ்வளவு நேர்த்தியா பண்ணியிருக்காங்க" என்றீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தம்மாவுக்கு ஒரு வட்டம்கூட ஒழுங்காக வெட்ட வராது சார்.

கடைசி நாளையும் சொல்லிவிடுகிறேன், பாதியில் நிறுத்தினால் உங்களுக்கும் வேலை. அன்றைக்கு அண்ணனுக்குத் தெளிவு வந்திருந்தது. எப்போதாவது அப்படி வரும். நான் தட்டை நீட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், எனக்குச் சர்க்கரை இருக்குல்ல? இது எனக்கு ஆகாதுடா. எடுத்துட்டுப் போ" என்றார். சின்னக் குழந்தை கேட்கிற மாதிரிக் கேட்டார். "தாகமா இருக்குடா, உடம்பெல்லாம் எரியுது" என்றும் சொன்னார்.

தண்ணீர் கொடுத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் மறப்பதற்கு எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். அது முதல் தடவை இல்லை. அவர் வேண்டாம் என்று சொன்னபோதெல்லாம் அப்படித்தான் போய் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்து வந்தேன். அதே தட்டு. விரலால் தடவிப் பார்த்தார். "யார் பண்ணது இது?" என்றார். சொன்னேன். சாப்பிட்டார். மறுபடி கேட்டார். தட்டு காலியாகிற வரைக்கும் நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஊசி போட வேண்டிய நேரம் அதற்குள் தாண்டிவிட்டது. பொழுது சாய்ந்தபோது கூப்பிட்டுப் பார்த்தேன், எழுந்திருக்கவில்லை.

நான்தான் செய்தேன் சார். தெரிந்தே செய்தேன். அண்ணன் போனதே நர்ஸம்மா கொடுத்த இனிப்பால்தான் என்று அண்ணன் மகள் நினைக்கிறாள், அது தப்பு, நர்ஸம்மாவை விட்டுவிடுங்கள். கையெழுத்து எங்கே என்று சொன்னால் போட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது பாருங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னதை எழுதிவிட்டீர்கள், அது சரிதான், நானே சொன்னதுதான். அன்றைக்கும் அவர் சாப்பிடுவதற்கு முன்னால் அழகாக இருக்கிறது என்றுதான் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.