பூஜ்யத்துக்குப் பொட்டு வைத்த புண்ணியவதி

விழாத் தலைமையை விருப்பத்தோடு ஏற்றிருக்கும் லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் பெனடிக்ட் அவர்களே, முழங்கால் வலியையும் மறந்து முன்வரிசையில் முகம்மலர அமர்ந்திருக்கும் பெரியோர்களே, விடியலில் கோழிக்குத் தீவனம் வைத்துவிட்டு விரைந்தோடி வந்திருக்கும் தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே நிழல் தேடி நிற்கும் டிரைவர் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் மல்லசமுத்திரம் மகளிர் கோழிப்பண்ணைக் குழுவின் சார்பில் இந்தச் சௌந்திரத்தின் வணக்கம்.

தலைவர் எனக்கு ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறார். வணக்கம் சொல்லியே ஒன்று போய்விட்டது.

இதோ, மேடைக்குப் பக்கத்தில் மணப்பெண்ணாய் நிற்கிறதே ஒரு குளிர்பெட்டி, இது கடல் கடக்கப்போகும் நமது இரண்டாவது கன்டெய்னர். நாலே முக்கால் லட்சம் முட்டை. முதல் பெட்டி போய்ச் சேர்ந்ததை எல்லோரும் பாராட்டினீர்கள். அது எப்படிப் போகாமல் போகப் பார்த்தது என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஏன் தெரியாது? நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தப்புச் செய்தவளே நான்தானே.

துறைமுகம் என்றால் என்ன நினைக்கிறீர்கள்? மூட்டையும் முதுகும், கூச்சலும் குழப்பமுமா? அது அந்தக் காலம். இன்று கிரேன் குனிகிறது, கொக்கி கவ்வுகிறது, இரண்டு நிமிடத்தில் பெட்டி கப்பலுக்குள் குடியேறுகிறது. வாசலிலே வழிமறிக்க ஆளே இல்லை. கேமரா பார்க்கிறது, பெட்டியின் எண்ணைப் படிக்கிறது, தடுப்புக் கட்டை தானே எழுகிறது. எல்லாம் நாற்பதே நொடி. என் வீட்டுக்காரர் சாவி தேடும் நேரத்தில் நாற்பது லாரி உள்ளே போய்விடும். சிரிக்காதீர்கள், அவர் அதோ உட்கார்ந்திருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட கேமராவை ஏமாற்றியவள் நான். முதல் பெட்டி கிளம்பிய அன்று பூசணி உடைத்தோம், கற்பூரம் காட்டினோம். பொட்டு வைக்க இடம் தேடினால், பெட்டி எண்ணிலே ஒரு பூஜ்யம், உருண்டை முகமாய் என்னைப் பார்த்தது. விடுவேனா? நடுவிலே குறுக்காகச் சந்தனம் இழுத்தேன், அதன்மேல் குங்குமம் வைத்தேன். எண் எழுதிய பக்கமெல்லாம் வைத்தேன். அழகோ அழகு.

மறுநாள் மாலை நாலு மணிக்குக் கப்பலுக்கான கேட் மூடும். மூன்றரைக்கு நம் டிரைவர் கமலவேணி வாசலில் நிற்கிறாள். கட்டை எழவில்லை. கேமராவின் கண்ணுக்குப் பூஜ்யம் எட்டாகிவிட்டது. பெட்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவல்காரர். முன்னால் உள்ளவற்றோடு கணக்கு ஒத்துவந்தால்தான் விடுவார். அவர் இது பொய் எண் என்று சொல்லிவிட்டார். கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண் அக்சிலியா, நம் சேலத்துப் பெண்தான். படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பொட்டை அழித்தால் போதும் என்றாள்.

அழிப்பதா? முதல் பயணத்தில் பொட்டை அழிப்பதா? கமலவேணி எனக்குப் போன் போட்டாள். நான் அதை ஸ்பீக்கரில் போட்டேன். அது என் இரண்டாவது தப்பு. பதினான்கு பெண்கள் பதினைந்து யோசனை சொன்னோம். வண்டியைத் திருப்பச் சொன்னார் ஒருவர். பாதி மட்டும் அழித்தால் ஆகாதா என்றார் சென்னம்மாள் அக்கா. பாதி அழித்தால் எட்டு ஆறாகிவிடும் அக்கா.

மணி மூன்றே முக்கால். அந்தக் கப்பலை விட்டால் அடுத்தது பத்து நாள் கழித்து. முட்டையின் தேதி தவறினால் அங்கே வாங்கமாட்டார்கள். மூன்று வருடம் அலைந்து பெற்ற முதல் ஆர்டர் அதோடு போயிருக்கும். நாங்களோ சகுனம் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கமலவேணி சொன்னாள்.

"எம் பொட்ட அழிச்சப்ப என்னைய ஒருத்தருங் கேக்கலீங்கக்கா. இதையாச்சும் கேட்டுட்டு அழிக்கலாம்னுதான் கூப்புட்டனுங்க."



அவள் கணவர் வண்டி விபத்தில் போய் நான்கு வருடம் ஆகிறது. காரியத்தன்று அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் நானும் ஒருத்தி. நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் ஓட்டிய அதே டிரெய்லரை அவள் ஓட்டக் கற்றாள். நாங்கள் பெட்டிக்குப் பொட்டு வைத்த அன்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். அதையும் பார்த்தேன். கூப்பிடவில்லை. வெட்கமாக இருக்கிறது, சொல்லித்தான் ஆகவேண்டும்.

அழித்துவிடு தாயி என்றேன். ஈரத்துணியால் துடைத்தாள். நாற்பது நொடியில் கட்டை எழுந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பெட்டி உள்ளே போனது. பொட்டில்லாமல் கடலேறிய பெட்டி, ஒரு முட்டைகூட உடையாமல் ஊர்போய்ச் சேர்ந்தது.

ஒரு புள்ளி தவறினால் அந்தக் காவல் எண் கண்டுபிடிக்கிறதே, நாலு வருடத் தவற்றைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு எண் இருந்ததா? கிரேன் வந்தது, கேமரா வந்தது, குளிர்பெட்டி வந்தது. நாம் எப்போது வருவது? இன்றைக்கே வருவோம், இப்போதே வருவோம்.

கமலவேணி, அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்காதே. அன்று உன்னை யாரும் கேட்கவில்லை. இன்று ஊரறியக் கேட்கிறேன். இந்தப் பெட்டிக்கு முதல் பொட்டை நீ வைக்கிறாயா? உனக்கு இஷ்டமில்லை என்றால் வேண்டாம், பொட்டில்லாமலே போகட்டும்.

என்ன சொல்கிறாள்? கேட்கவில்லை, கொஞ்சம் கைதட்டலை நிறுத்துங்கள்.

'வாரனுங்கக்கா' என்கிறாள். வழி விடுங்கள், வழி விடுங்கள். தட்டைக் கொடுங்கள் அவள் கையில். எண்ணை மட்டும் விட்டுவிடு தாயி, அக்சிலியா திட்டுவாள்.

பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், பெருமனத்தோடு விலகி வழிவிடும் தாய்மாருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.