மோகனன் வேண்டாம்னு சொன்ன வேலைகள்

...வேண்டாம்னு நேத்தைக்கே ஒருத்தன்கிட்ட சொல்லியாச்சு சாரே. இன்னைக்குக் காலையில பல்லு தேச்சிட்டு நிக்கேன், பின்னயும் ஒருத்தன் போன்ல விளிக்கான். பெங்களூராம். மிஸ்டர் மோகனன் உண்டான்னு கேக்கான். உண்டு, நான்தான், எனக்கு வேலை ஒண்ணும் வேண்டாம், போனை வையுன்னேன். பாறசாலையில இந்த பஸ் ஏறுகதுக்கு முன்ன பின்னயும் ஒரு விளி. அதே ஆளு. அம்பத்திரெண்டு வயசுல ஒரு மனுசனுக்கு இத்தனை வேலையா வரும்? சவம்.

சாரு கோர்ட்டுக்கா? மடியில ஃபைல் இருக்கே, அதனால கேட்டேன். நெய்யாற்றின்கரை எத்த இன்னும் நேரம் கிடக்கு, உதியன்குளங்கரையில ரோட்ட வெட்டிப் போட்டிருக்கான். இரிங்க, சொல்லுகேன்.

எல்லாம் எனக்க மோன் செய்து வச்ச வேலையாக்கும். பிரதீஷ். தனுவச்சபுரத்துல படிச்சான், பின்ன கம்ப்யூட்டருக்குப் போனான். படிப்பு முடிஞ்சு வீட்டுல இருந்து ஒரு சாதனம் உண்டாக்கினான். என்ன சாதனம்னா... கம்ப்யூட்டர்ல கறுத்த சன்னல் ஒண்ணு திறப்பான். அதுல படமும் கிடையாது, அமுக்குகதுக்கு பட்டனும் கிடையாது, வெறும் எழுத்து. நம்ம பேரு, படிப்பு, பாத்த வேலை ஒக்க ஒரு ஃபைல்ல ஒரு தடவ எழுதி வச்சா மதி. பின்ன ஒரு வரி கமாண்ட் அடிப்பான். பி.டி.எஃப்.ல ஒண்ணு, வேர்டுல ஒண்ணு, இன்டர்நெட்டுல போடுகதுக்கு ஒண்ணு, வெறும் எழுத்தா ஒண்ணு, நாலு பயோடேட்டா வந்து விழும். ஒரு இடத்துல மாத்தினா நாலுலயும் மாறும். அதாக்கும் அதுக்க பெருமை. அத சும்மா இனாமா உலகத்துக்கே விட்டுக் கொடுத்தான். ஜெர்மனியில ஒருத்தன் நன்றி எழுதியிருக்கான். எனக்க வீட்டுக்காரி விஜயம்மா கேட்டா, ஊரான் எல்லாத்துக்கும் பயோடேட்டா அடிச்சுக் கொடுக்கியே மக்கா, உனக்கு எப்பம்லே வேலைன்னு. அவன் சிரிச்சான். அப்பம் சிரிப்பு இருந்துச்சு.

இதுக்கு சாம்பிள் ஒண்ணு வேணுமாம், பாத்து எழுதுகதுக்கு. அவன் என்ன செய்தான், எனக்க வாழ்க்கைய எடுத்து சாம்பிளா வச்சான். மோகனன், ஓமான்ல பைப் யார்டு ஸ்டோர்கீப்பர், இருபத்திரெண்டு வருசம். பொழுதுபோக்கு, மரச்சீனி கிருஷி. நானும் கொள்ளாம், நல்லதுதான்னு நினைச்சேன் சாரே. இருபத்திரெண்டு வருசம் ஓமான்ல கிடந்தவனப் பத்தி ஊர்ல ஒருத்தனும் ஒரு வரி எழுதல்ல, மோன் எழுதியிருக்கான். ஆனா போன் நம்பர் இருக்க இடத்துல வரிசையா பூஜ்யம். எனக்க பேருக்குக் கீழ பூஜ்யமாலே போடுகன்னு கேட்டு, பக்கத்துல நின்னு எனக்க நம்பரப் போட வச்சேன். அவன் வேண்டாம் அப்பான்னான். நான் விடல்ல.

பின்ன அங்க தொடங்கிச்சு. சொந்த ஃபைல் எழுதாம கமாண்ட் மட்டும் அடிச்சா சாம்பிள்ல உள்ளது அப்படியே வருமாம். உலகத்துல உள்ள சோம்பேறிகள் ஒக்க அடிச்சு, திறந்துகூடப் பாக்காம, வேலைக்கு அனுப்பி விட்டானுவ. புனேயில ஒரு கண்ணாஸ்பத்திரியிலேர்ந்து ஒரு பெண்பிள்ள விளிச்சா. தினம் எத்தனை புரை ஆபரேஷன் செய்வியன்னு கேக்கா. நான் சொன்னேன், அம்மா, நான் பைப்பு எண்ணுகவனாக்கும். போர்ச்சுகல்ல ஒரு டான்ஸ் ஸ்கூல். எங்கயோ குளிருக நாட்டுல மீன் காட்சி வைக்கிய இடம், அவனுக்கு எனக்க மரச்சீனி கிருஷி வல்லாம பிடிச்சுப் போச்சு, மீனுக்கும் அந்தக் கிழங்கு கொடுக்கலாமான்னு அரைமணிக்கூர் பேசினான். விஜயம்மா பயந்துட்டா, இவரு பின்னயும் வெளிநாடு போயிருவாரோன்னு.

அதனால நான் ஒரு வரி மனப்பாடம் பண்ணி வச்சேன். நோ தேங்க்யூ, ஐ ஆம் செட்டில்ட். எடுக்கணும், சொல்லணும், வைக்கணும். ஒருத்தனையும் பேச விடப்பிடாது.

நாலு மாசம் முன்ன பிரதீஷ் அத சரி பண்ணிட்டேன்னான். இப்பம் சொந்த ஃபைல் இல்லாம கமாண்ட் அடிச்சா ஒண்ணும் வராதாம். ரெண்டு மாசம் நிம்மதியா இருந்தேன். பின்னயும் விளி தொடங்கிச்சு. இதுல ஒரு வித்தியாசம், இப்பம் போர்ச்சுகல் கிடையாது. கொச்சி, பெங்களூர், நம்ம திருவனந்தபுரம். வெளிநாடு முடிஞ்சு இப்பம் உள்நாட்டு சோம்பேறியாக்கும். இந்த ரெண்டு மாசத்துல, இன்னைக்குக் காலையிலத்தது சேத்து பதிமூணு பேர வேண்டாம்னு சொல்லியாச்சு. எண்ணி வச்சிருக்கேன். ஸ்டோர்கீப்பர்லா.

அமரவிளை வந்தாச்சு பாத்தியளா.

சிரிக்கக்கூடிய காரியம் இல்ல சாரே. அப்பன வேலைக்கு வா வான்னு விளிக்கான், பிள்ளைய விளிக்க ஒருத்தனும் இல்ல. அவனும் அதே சாதனத்துல பயோடேட்டா அடிச்சு நூறு இடத்துக்கு அனுப்பினான். ஒரு விளி இல்ல. ராத்திரிச் சோறு பாதியில எழும்பிப் போறான். போன ஞாயிறாழ்ச்ச எனக்கிட்ட வந்து நின்னான். "அப்பா, ஓமான்ல உள்ள கிருஷ்ணன்குட்டி மாமா சொன்ன பைப் யார்டுக்கே நான் போறேன். இஞ்ச ஒருத்தனுக்கும் என்னைய வேண்டாம்." நான் இருபத்திரெண்டு வருசம் வெயில் கொண்டது எதுக்கு? இவன் அந்த யார்டுல காலு குத்தப்பிடாதுன்னு. இந்தப் பையில அவனுக்க பாஸ்போர்ட்டாக்கும். நெய்யாற்றின்கரையில டிராவல்ஸ்ல கொடுத்தா கழிஞ்சுது. அடுத்த மாசம் அவன் ஓமான்ல பைப்பு எண்ணுவான்.

என்ன கேட்டிய? அவனுக்க பயோடேட்டாவுல எந்த நம்பரா?

எனக்க நம்பர்.

அது பின்ன, அவன் தெரியாத நம்பர எடுக்க மாட்டான் சாரே. எப்பளும் சத்தத்த அணைச்சு வச்சிருப்பான். நல்ல வேலை வந்தா கை விட்டுப் போயிரும்லா. ரெண்டு மாசம் முன்ன அவன் குளிக்கப் போன நேரம் கறுத்த சன்னல் திறந்து கிடந்துச்சு. அவன் செய்யிறத எத்தனை நாளு பாத்திருக்கேன். ஃபைல்ல அவனுக்க நம்பர அழிச்சு எனக்க நம்பர அடிச்சேன். ஒரு இடத்துலதான் மாத்தினேன். நாலுலயும்...

ஏன் அப்படிப் பாக்கிய? அவன விளிக்கவன் பிரதீஷ் உண்டான்னுலா கேப்பான். இவங்க ஒக்க மிஸ்டர் மோகனன்னுதானே...

அவனுக்க முழுப்பேரு பிரதீஷ் மோகனன்.

ஸ்கூல்ல சேக்கப் போனப்பம் வாத்தியாரு எம். பிரதீஷ்னு எழுதினாரு. நான்தான் விடல்ல. அப்பன் ஓமான்ல இருக்கான், பேராவது பிள்ள பக்கத்துல முழுசா இருக்கட்டும்னு சொல்லி எழுத வச்சேன். பெங்களூர்க்காரனுக்கு என்ன தெரியும், பின்னால உள்ள பேரச் சொல்லி...

சாரு கொஞ்சம் மிண்டாம இரிங்க. நான் ஒண்ணு யோசிக்கேன்.

பதிமூணு.

ஐ ஆம் செட்டில்ட்னுலா சொல்லியிருக்கேன், எனக்க பிள்ளைக்க பேருல.

நெய்யாற்றின்கரையா? சாரு இறங்குங்க, காலை ஒதுக்கித் தாறேன். இல்ல, நான் டிராவல்ஸுக்குப் போகல்ல, திரும்பி வீட்டுக்காக்கும். பாஸ்போர்ட்டா? அது பையில கிடக்கட்டும். வீட்டுல போய் அவன்கிட்ட எப்படிச் சொல்லுகதுன்னு... சாரே, ஒரு நிமிசம் நில்லுங்க. அடிக்குது. அதே பெங்களூராக்கும்.

ஹலோ. வைக்காதிய, வைக்காதிய. ஆமா, மோகனன்தான். காலையில பேசினதும் நான்தான். அது போகட்டும். இப்பம் சொல்லுங்க... உங்களுக்கு எந்த மோகனன் வேணும்?