ரத்தான நேரங்கள்

என் மனைவி எதையும் மறக்கிறவள் அல்ல. வீட்டைப் பூட்டினோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி ஓடுகிற ஆள் நான்தான். அதனால்தான், அவள் வேலை பார்த்த சிறுநீரக மருத்துவமனையில் நோயாளிகளின் நேரங்கள் தாமாக ரத்தாகத் தொடங்கியபோது, அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

டயாலிசிஸுக்கு வருகிறவர்களுக்கு இணையதளத்தில் நேரம் ஒதுக்குவது அவள் பொறுப்பு. ஒரு நேரத்தை ரத்து செய்தால் அந்த நோயாளிக்குக் குறுஞ்செய்தி போய்விடும். யார் ரத்து செய்தது என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் அவள் பெயர், அவள் கணினி.

"நான் அதைத் தொடவே இல்லைங்க. முன்னாடி உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்" என்றாள். கடவுச்சொல்லை மாற்றினாள். மறுபடியும் நடந்தது. இன்னும் நீளமாக ஒன்று வைத்தாள். அப்போதும் நடந்தது.

வரவேற்பில் இருக்கும் பெண், "அக்கா, சில பேர் தூக்கத்துல நடப்பாங்க. உங்களுக்குக் கை மட்டும் பகல்ல நடக்குது போல" என்றாளாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவளும் சிரித்திருக்கிறாள்.

நாளை அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போவதாகச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். உங்கள் நிபுணர் எழுதியதையும் காட்டினீர்கள். 'கவனக்குறைவால் தவறான பொத்தானை அழுத்தியிருக்கலாம்.' அது தப்பு. இணையதளம் கட்டுவதுதான் என் தொழில். ஒன்று எப்படி இயங்குகிறது என்பதை யாராவது தப்பாகச் சொன்னால் என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. சரியாகச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தப்பாகச் சொல்ல எனக்கு வராது. கேளுங்கள், சுலபம்தான்.

நீங்கள் ஒரு தளத்தில் நுழைந்ததும் அது உங்கள் உலாவியிடம், அதாவது பிரவுசரிடம், ஓர் அடையாளத்தைக் கொடுத்துவைக்கும். பிறகு அந்தத் தளத்துக்கு உங்கள் உலாவி எதைக் கொண்டுபோனாலும் அந்த அடையாளமும் கூடவே போகும். அலுவலக வாசலில் நிற்கும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அட்டை தொங்குகிறதா என்று பார்ப்பார். அட்டைக்காரரின் பையில் வேறு யாரோ ஒரு சீட்டைச் செருகியிருந்தால், அதை எழுதியது யார் என்று கேட்க மாட்டார். அப்படித்தான், நீங்கள் அதே நேரத்தில் திறக்கிற வேறொரு தளத்தின் பக்கம், 'இந்தக் கட்டளையை அங்கே கொண்டுபோய்க் கொடு' என்று உங்கள் உலாவியிடம் சத்தமில்லாமல் சொல்ல முடியும். அது கொடுத்துவிடும், உங்கள் அட்டையோடு.

இதைத் தடுக்க வழி உண்டு, பிறகு சொல்கிறேன். நேரம் ஒதுக்குவதற்காக அந்த மருத்துவமனைத் தளத்தில் ஒரு பிளக்-இன்னைச் சேர்த்திருந்தார்கள். வேறு யாரோ எழுதிய சிறு நிரல் அது. அதில் அந்தத் தடுப்பு இல்லை. கடவுச்சொல்லை மாற்றியும் பயனில்லாமல் போனது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அதை யாரும் திருடவே இல்லை.

அவள் காலையில் தளத்துக்குள் நுழைந்தால் மாலைவரை வெளியேற மாட்டாள். மறுபடி நுழைகிற நேரத்தில் ஒரு நோயாளி காத்திருப்பாரே என்பாள். தெரியாதவர் அனுப்பும் சுட்டியைத் திறக்கவும் மாட்டாள். நான் அனுப்பினால் உடனே திறப்பாள். அவளுக்குப் பறவைகள் பிடிக்கும். தினம் ஒரு பறவைப் படம் போட்டு, மதியம் அவளுக்கு அனுப்புவதற்காகவே நான் ஒரு பக்கம் செய்திருந்தேன். சில நாட்கள் படத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு நேரத்தை ரத்து செய்யச் சொல்லும் படிவமும் இருந்தது.

வேறு ஊரில் திறக்கவிருந்த கிளையின் பொறுப்பை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கேயே தங்கித்தான் ஆக வேண்டும். "நீங்க வேணாம்னா நான் போகலைங்க" என்றாள். "சேச்சே, நான் அப்படிப்பட்ட ஆளா? தாராளமாப் போ" என்றேன். மனைவியின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிற கணவன் அல்ல நான். அவளாகவே வேண்டாம் என்று சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன்.

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் அங்கே வருவார். டிரைவர் சார் என்பார்கள். ரத்து என்று வந்த குறுஞ்செய்தியை நம்பி அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். அவருக்கு டயாலிசிஸ் தள்ளிப்போகக் கூடாதாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பதிவு வரிசையில் அடுத்த எண் அவருடையது, அவ்வளவே.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க இந்த வேலை தெரிஞ்சவர். வெளியிலேர்ந்து யாராவது புகுந்திருக்காங்களான்னு உள்ள போய்ப் பாருங்க. இந்தப் பொண்ணு மேல பழி போட எனக்கு மனசு வரலை." பார்த்தேன். வெளியிலிருந்து யாரும் புகவில்லை என்றேன். அது உண்மைதானே.

என் மனைவி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "அப்போ நான்தானா?" என்றாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். அன்றே வேலையை விட்டுவிட்டாள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். போனை என்னிடம் கொடுத்துவிட்டாள். நான் வெளியே போகும்போது வெளியில் பூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். "இந்தக் கை இன்னும் என்னல்லாம் செய்யுமோங்க" என்கிறாள். நான்தான் ஊட்டிவிடுகிறேன். நீங்கள் வந்து கேட்டபோதும் அவள் எதையும் மறுக்கவில்லை. அவளை அழைத்துப்போகாதீர்கள். உங்கள் இடத்தில் அவளை இப்படிப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

தடுக்கும் வழியைச் சொல்கிறேன் என்றேன். தளம் தான் தருகிற ஒவ்வொரு படிவத்திலும், யாராலும் ஊகிக்க முடியாத ஒரு ரகசிய எண்ணைப் பதித்துத் தர வேண்டும். கட்டளை திரும்பி வரும்போது அட்டை மட்டும் போதாது, அந்த எண்ணும் சரியாக இருக்க வேண்டும். வெளிப் பக்கத்துக்கு அந்த எண் தெரியாது. அதனால் அது அனுப்பும் கட்டளை வாசலோடு நின்றுவிடும். சில வரிகள்தான். அவள் வேலையை விட்ட அன்று மாலையே, நோயாளிகளுக்கு இனி இடைஞ்சல் வரக் கூடாது என்று, நானே எழுதிச் சேர்த்துவிட்டேன். அதன்பின் ஒரு நேரம்கூட ரத்தாகவில்லை. அவள் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அங்கே பேசிக்கொண்டார்கள். அதை அவளிடம் வந்து சொன்னதும் நான்தான்.