கையெழுத்திட்ட வெற்று அட்டைகள்

ஜனவரி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். வந்தால் டீகூடக் கிடைக்காது என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று நானும் தம்பியும் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, போன வருஷத்துக் காலண்டரைக் கழற்றி, அதன் பின்பக்க வெள்ளையில் புது வருஷத்துக்கான இலக்குகளை எழுதுவோம். அவன் எடுக்கும் புகைப்படங்களை எப்படி நாலு பேர் கண்ணில் படவைப்பது, எப்படி விற்பது என்பதுதான் பேச்சு. சித்தி இதற்கு பட்ஜெட் கூட்டம் என்று பெயர் வைத்திருந்தாள். "இவன் படம் விக்கறதுக்குள்ள நானே போட்டோவாகி சுவத்துல தொங்கிடுவேன்" என்பாள்.

எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அந்த மேஜையிலிருந்துதான் என்று நினைக்கிறேன்.

நான் தண்ணீர் மோட்டார் விற்கும் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே கற்றுக்கொண்ட ஒரே பாடம் இது: உன் கையில் இல்லாததை இலக்காக வைக்காதே. பத்து மோட்டார் விற்பேன் என்று எழுதக் கூடாது. வாங்குவது அடுத்தவன் இஷ்டம். பத்து பேரைப் போய்ப் பார்ப்பேன் என்று எழுதலாம், கால் நம்முடையது. தம்பிக்கும் இதையே சொன்னேன். பெரிய பரிசு வாங்க வேண்டும், பத்திரிகையில் வர வேண்டும் என்றெல்லாம் அவன் முதல் வருஷம் எழுதியதை அடித்துவிட்டு, மாதம் ஒரு கேலரிக்குப் போவது, பார்த்தவர்களுக்கெல்லாம் அவன் படம் போட்ட அஞ்சலட்டை அனுப்புவது, ஒரு படத்துக்குப் பின்னால் இருக்கும் கதையை மூன்று வரியில் சொல்லப் பழகுவது என்று எழுதவைத்தேன். கதை சொல்வதுதான் அவனுக்குக் கடைசிவரை வரவில்லை. யாராவது கேட்டால், "மாடிங்க. மழை பெஞ்சிருந்துச்சு" என்பான்.

அவன் எடுத்தது மொட்டை மாடிகளை மட்டும். தண்ணீர்த் தொட்டி, கொடிக்கயிறு, உடைந்த நாற்காலி, குட்டையாகத் தேங்கிய மழைநீரில் ஒரு துண்டு வானம். இவ்வளவுதான். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால் யாரோ இப்போதுதான் எழுந்து போனது போல இருக்கும். அவன் கையில் இருந்தது என் முதல் சம்பளத்தில் வாங்கிய பழைய ஃபிலிம் கேமரா. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனுக்கு நான் வாங்கித் தந்த முதல் பொருளும் அதுதான். குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, அங்கேயே கழுவி, அங்கேயே பிரிண்ட் போடுவான். நான் கம்பெனி அலுவலகத்தில் குளித்துவிட்டு வந்த நாட்களும் உண்டு.

வருஷக் கடைசியில் காலண்டரைப் பார்ப்போம். முடியாமல் போன இலக்குக்குப் பக்கத்தில் தம்பி ஒரு மீன் வரைவான். நழுவிவிட்டது என்று அர்த்தம். முதலில் ஒரு மீன், இரண்டு மீன். பிறகு ஒரு டிசம்பரில் தாள் முழுவதும் மீனாக இருந்தது. "அக்கா, நம்ம பேசாம மீன் கடை வெச்சிருக்கலாம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அதன் பிறகு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு வந்த வரன்களை எல்லாம் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிவைத்திருந்தேன். அப்படிச் சொன்ன வருஷங்கள் எல்லாம் அந்தத் தாள்களில்தான் இருந்தன.

நாங்கள் அடிக்கடி படங்களைக் கொண்டுபோன கேலரிக்காரர் நல்ல மனிதர். நாங்கள் போகும்போதெல்லாம் உட்காரச் சொல்வார். ஒவ்வொரு படமாகப் பார்த்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா மனுஷங்களே இல்லையேப்பா" என்பார். தம்பி தலையாட்டுவான். அடுத்த முறையும் மாடிகளையே கொண்டுபோவான்.

ஒரு முறை நான் தனியாகப் போயிருந்தபோது அங்கே வேறொருவருடைய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. சாதாரணப் படங்கள். ஆற்றங்கரை, படகு, ஆற்றங்கரை. எல்லாப் படங்களின் கீழும் விற்றதற்கான சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தது.

"இதெல்லாம் எப்படிங்க போச்சு?" என்று கேட்டேன்.

"ஆளு போன மாசம் தவறிட்டாரும்மா."

"அதுக்கும் இதுக்கும்?"

"இனிமே அவரு படம் வராதுல்ல. அதான்."

அவர் அதைத் துக்கத்தோடுதான் சொன்னார். நான் எதையும் யோசிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தச் சொல் மட்டும் கூடவே வந்தது. இனிமே வராதுல்ல.

அந்த வருஷம் தம்பிக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சிகிச்சைக்கு முன் ஒரு படம், சிகிச்சைக்குப் பின் ஒரு படம். வெறும் பற்கள். அவன் அழுதுவிடுவான் என்று பயந்தேன். அவன் குஷியாகத் திரும்பி வந்தான். "பல்லு எவ்ளோ நல்லது தெரியுமாக்கா. இதுக்கு என்ன அர்த்தம்னு யாரும் கேக்கறதில்ல" என்றான். அங்கே இருந்த பல் டாக்டரை அவனுக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் அவனை. வீட்டுக்கு அழைத்து வந்தான். என்னைப் பார்த்ததும், "அக்கா, இடது பக்கம்தானே மெல்றீங்க? வலது பக்கம் ஒரு பல் கெட்டிருக்கு, வாங்க பாத்துடலாம்" என்றாள். நல்ல பெண். இதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

போன ஜனவரியில் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம். பேனாவை அவனே எடுத்தான்.

"இந்த வருஷம் ஒரே இலக்குதான்க்கா."

"என்ன?"

"விட்டுடறேன்."

"எதைடா?"

"இதைத்தான். மாடி, கேலரி, அஞ்சலட்டை எல்லாத்தையும். போதும்க்கா. பல்லு எடுத்தா சோறு வருது. ஞாயித்துக்கிழமை தூங்கலாம்."

"இவ்ளோ வருஷம்?"

"போச்சு, விடு. உனக்கும் ஓய்வு. நீயும் ஒரு கல்யாணத்தைப் பண்ணிட்டு நிம்மதியா இரு."

என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். மேஜை மேல் பழைய காலண்டர்கள் அடுக்கியிருந்தன. அவனுக்கு அது ஒரு கட்டுத் தாள். எனக்கு வேறு எதுவும் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, நான் காட்டிக்கொண்டதே இல்லை. மறுநாள் அலுவலகத்தில் மோட்டார் வாங்க வந்தவரிடம் தம்பியின் அஞ்சலட்டையை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுல எத்தனை குதிரைத்திறன்னு போடலையே" என்றார்.

பிறகு நிதானமாக யோசித்தேன். என் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். வாங்குபவர்கள் என் கையில் இல்லை. கேலரிக்காரர் இல்லை. தம்பியின் மனசும் இனி இல்லை. மீதி இருந்தது ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கையெழுத்துகளை வாங்கினேன். ஒவ்வொரு பிரிண்டையும் தடித்த வெள்ளை அட்டையில் பொருத்தி, அட்டையின் கீழ் ஓரத்தில் எடுத்தவர் பென்சிலால் கையெழுத்துப் போடுவது வழக்கம். கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் போட்டோ. அவனுக்கு அந்த வேலையே பிடிக்காது. "எல்லாத்துலயும் போட்டுக் குடுத்துடு, நான் மெதுவா வித்துக்கறேன், அப்புறம் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றேன். உட்கார்ந்து போட்டுத் தள்ளினான். அட்டை அழுக்கானால் மாற்றுவதற்கென்று சில வெற்று அட்டைகளையும் நீட்டினேன். "படமே இல்லாம கையெழுத்தா? சொத்தை எழுதி வாங்கற மாதிரியே இருக்குக்கா" என்று சிரித்துக்கொண்டே அவற்றிலும் போட்டான்.

எல்லாம் நடந்த அந்தச் சனிக்கிழமை காலையில் அட்டை வெட்டும்போது கத்தி நழுவிக் கட்டைவிரலில் பட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு தம்பியை அழைத்துப்போக ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல் டாக்டர் என் கையைப் பிடித்து இழுத்து, கழுவி, மருந்து வைத்து, பட்டையாக ஒரு கட்டுப் போட்டு, அவிழாமல் இருக்க அதன் மேல் குறுக்காக இரண்டு பிளாஸ்திரி ஒட்டினாள். "தண்ணி படாம பாத்துக்குங்க" என்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். கடைசியாக ஒரு மாடி பாக்கி இருக்கிறது, அதோடு முடிந்தது என்று தம்பி சொன்னான்.

பாதியில் நின்றுபோன கட்டடம். மேல்தளத்தில் கைப்பிடிச் சுவர் இல்லை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. நான் கீழே டீக்கடையில் இருந்ததாக முன்பு உங்களிடம் சொன்னேன். இல்லை, அவனோடு மேலேதான் இருந்தேன்.

தொட்டியை எடுத்தான், ஒரு கம்பிக் குவியலை எடுத்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, அப்படியே நில்லு. உன் மேல வெளிச்சம் விழுது."

"என்னையாடா? நீதான் மனுஷங்களை எடுக்க மாட்டியே."

"கடைசியா ஒண்ணு. உன்னைத்தான் எடுக்காமயே விட்டுட்டேன்."

என்னை முழுதாக அடக்குவதற்காகப் பின்னால் நகர்ந்தான். நான் நிற்கவில்லை, அவனை நோக்கி நடந்தேன். அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிட்ட வராதக்கா, நில்லு" என்றான். கையை நீட்டினேன். கேமராவின் சத்தம் கேட்டது.

அவன் விழுந்த இடத்தில் கிடைத்த பொருட்களை ஸ்டேஷனில் என்னிடம் திருப்பித் தந்தது நீங்கள்தான். லென்ஸ் நொறுங்கியிருந்தது, உள்ளே ஃபிலிம் நன்றாக இருந்தது. குளியலறையில் நானே கழுவினேன், அவனைப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். சிவப்பு விளக்கில் கடைசிப் படம் தாளில் மெல்ல ஏறி வந்தது. முன்னால் பெரிதாக ஒரு கை, ஒவ்வொரு ரேகையும் தெளிவாக. பின்னால் மங்கலாக ஒரு பெண்ணின் முகம், அதற்கும் பின்னால் ஈர வானம். அவன் எடுத்ததிலேயே சிறந்த படம் அது. நான் சொந்தக்காரி என்பதற்காகச் சொல்லவில்லை. கேலரிக்காரர் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதை எரித்திருக்கலாம் என்கிறீர்கள். எப்படி எரிப்பது? அதற்காகத்தானே இத்தனை வருஷம். அவன் கையெழுத்துப் போட்டிருந்த வெற்று அட்டை ஒன்றில் பொருத்தினேன். இரண்டு மாதம் முன்னால் எடுத்தது, கீழே அவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கேலரிக்காரர் வைத்த கண்காட்சியில் முதல் நாளே எல்லாப் படங்களுக்கும் சிவப்புப் பொட்டு வந்தது. பத்திரிகைகள் வந்தன. சித்தி வாசலிலேயே நின்று அழுதாள்.

பல் டாக்டர் கடைசியில் வந்தாள். அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றாள். கையெழுத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். பிறகு கிட்டப் போய்க் கட்டைவிரலை மட்டும் பார்த்தாள்.

"இந்தக் கட்டு நான் போட்டதுக்கா" என்றாள், மெதுவாக. "அவரு விழுந்த அன்னிக்குக் காலையில போட்டது. இதுக்குக் கீழ அவரு எப்படிக் கையெழுத்துப் போட்டாரு?"

அவளே என் கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் திருப்பி, காயம் ஆறிய தழும்பைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஆமாம், தள்ளியது நான்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் கண்காட்சிக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். விழப்போகும் யாரையோ பிடிக்க நீளும் கை என்றுதான் அத்தனை பேரும் சொன்னார்கள். படத்தை உங்கள் மேஜை விளக்கின் கீழே வைத்து விரல்களைப் பாருங்கள், விரிந்துதான் இருக்கின்றன. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் அந்தக் கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கும். எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவன்தான் அவசரப்பட்டுப் பட்டனை அழுத்திவிட்டான்.