கருப்பைவாய் மூடியும் அமலராணி அம்மையாரின் கோபமும்

கண்டிப்புக்குள் கனிவைக் காத்தவர், காவிரியின் இருகரைப் பெண்களுக்கும் கலங்காமல் கைகொடுத்தவர், எங்கள் குடும்பநலப் பிரிவின் தலைமைச் செவிலியர் அமலராணி அம்மையார் இன்று பணி நிறைவு பெறுகிறார்! அவருடைய பொறுமையைப் புகழ்ந்தால் அவரே சிரித்துவிடுவார். ஆகவே கோபத்தைப் பாராட்டுகிறோம். "தாராளமா சொல்லுங்க" என்று எங்களிடம் சிகிச்சைக்கு வந்த யமுனாவே அனுமதித்ததால் இதைச் சொல்கிறோம்.

ஸ்ரீரங்கத்தில் தையற்கடை வைத்திருக்கும் யமுனா, தலைப்பிரசவத்தில் வலிப்பு வந்து, பிள்ளையோடு பிழைத்தவர். உடம்பு தேறும்வரை அடுத்த கரு கூடாது என்றிருந்தார் மருத்துவர் மெஹ்ரீன். ரத்த அழுத்தத்தால் கருத்தடை மாத்திரை ஆகவில்லை. காப்பர்-டி வைத்தபோது ரத்தப்போக்கு நிற்கவில்லை. கடைசியில் சிங்கப்பூரிலிருந்து அக்கா அனுப்பிய, சின்னக் குல்லாய் போன்ற சிலிக்கான் மூடியோடு வந்து நின்றார். கருப்பையின் வாயை மூடி விந்தைத் தடுப்பது அது.

மெஹ்ரீனும் அம்மையாரும் சோதித்தார்கள். பிள்ளை பெறாதவர்களுக்கான அளவு, யமுனாவுக்குப் பொருந்தவில்லை. "சரியான அளவு வந்தாலும், பிள்ளை பெத்தவங்களுக்கு இதை மட்டும் நம்ப முடியாது" என்றார் மெஹ்ரீன். அம்மையாருக்குச் சுர்ரென்று ஏறியது. வெளியே போனை நோண்டிக்கொண்டிருந்த கணவர் சித்தார்த்தனை உள்ளே அழைத்தார்.

"நீங்க ஆணுறை போட்டா என்னங்க?"

"எனக்கு ஒத்துக்காது சிஸ்டர்."

"அலர்ஜியா?"

"இல்லீங்க... பிடிக்காது."

"அவங்களுக்கு மாத்திரை ஒத்துக்கலை, காப்பர்-டி ஒத்துக்கலை, உங்களுக்குப் பிடிக்கலை. எல்லாம் ஒண்ணாங்க?"

மூடியை எடுத்துச் சித்தார்த்தனின் உள்ளங்கையில் வைத்தார்.

"பிடிங்க. ஒவ்வொரு தடவையும் இதுல மருந்து தடவி, மடிச்சு, உள்ள வச்சு, சரியா உட்கார்ந்திருக்கான்னு விரலால தொட்டுப் பார்க்கணும். எல்லாம் முடிஞ்சும் ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் எடுக்கணும். இவ்வளவும் அவங்க செய்வாங்க. உங்களுக்கு ஒரு பாக்கெட்டைக் கிழிக்க முடியாதா?"

அவர் தலை குனிந்தார். அதுவரை வாய் திறக்காத யமுனா சொன்னார்: "எனக்கு வலிப்பு வந்தன்னைக்கு, நான் செத்துட்டேன்னு இவர் சுவத்துல முட்டிக்கிட்டு அழுதாராம் சிஸ்டர். இப்ப மறந்துட்டார்."

சித்தார்த்தன் மூடியை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு, ஆணுறைப் பாக்கெட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சரியான அளவு மூடியும் பிறகு வந்தது. கை பழகும்வரை யமுனாவுக்கு அம்மையார் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் அது நழுவி அறைக்கோடிக்கு ஓடியபோது இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மூடியும் ஆணுறையுமாகக் கணவன் மனைவி இருவர் காவலும் சேர்ந்து நின்றது. உடம்பு தேறி, தானே விரும்பிய காலத்தில் யமுனா கருவுற்றார். சுகமாக ஒரு பெண்குழந்தையைப் பெற்றார்.

சர்க்கரையோடு வந்த சித்தார்த்தனை அம்மையார் வாழ்த்தினார், அப்போதும் விடவில்லை. "ரெண்டு பிள்ளை போதும்னு நீங்கதானே சொன்னீங்க? குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் அவங்களுக்கு இல்லை, உங்களுக்கு. சின்னதுதான், அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"யோசிச்சுச் சொல்றேன் சிஸ்டர்" என்று போனவர், மறுவாரம் தனியாக வந்து ஆபரேஷனுக்குப் பெயரைக் கொடுத்தார்.

கோபத்தால் குடும்பங்களைக் காத்த அம்மையாரே! நோயின்றி நெடுங்காலம் வாழ்க! வீட்டிலாவது தங்களுக்குக் கோபமூட்ட ஆளில்லாதிருக்கட்டும்!

அன்பும் கொஞ்சம் அச்சமுமாக,
குடும்பநலப் பிரிவுப் பணியாளர்கள்,
திருச்சிராப்பள்ளி.