பவுனுத்தாயியின் பெட்டி

முதல் கல் கூரைத் தகரத்தில் விழுகிறது. டணார். இரண்டாவது. மூன்றாவது. அப்புறம் எண்ண முடியவில்லை.

கார்த்திகை மாதம். செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபது. குரங்கணிக்கு மேலே, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஏலத்தோட்டம். போடிப் பக்கத்திலிருந்து போன பன்னிரண்டு குடும்பங்கள் அங்கே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தோம். அணைத் தண்ணீருக்காக இரண்டு மாநிலத்துக்கும் தகராறு. பத்திரிகையில் அதைக் கலவரம் என்று எழுதினார்கள். கல்லுக்கு அடியில் நின்ற எங்களுக்கு அது போர்.

"வெரசா வாங்க! கடைசி வீட்டுல தீ வச்சுட்டாய்ங்க!"

வாசலில் நின்று கத்துகிறாள் என் மனைவி முத்துலட்சுமி. இடுப்பில் எங்கள் மகள்.

நான் அசையவில்லை. பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறேன்.

பனையோலைப் பெட்டி. உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கும். தரையில் வைக்கக் கூடாது. அதற்குள் என் தங்கச்சி பவுனுத்தாயி இருக்கிறாள். பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் போனவள். கன்னியாகப் போனவள் வீட்டுக்குச் சாமி. வருஷா வருஷம் தை மாதம் அவளுக்குப் புதுப் பாவாடை எடுப்போம். கண்ணாடி வளையல் வைப்போம். அவள் போட்டிருந்த வெள்ளிக் கொலுசும், சிவப்பு ரிப்பனும் பெட்டியில் இருந்தன. எங்கள் ஆத்தாவின் கூறைச்சேலையில் கிழித்த துணியில்தான் அவற்றைச் சுற்றி வைத்திருந்தோம். என் மகள் பிறந்து முதலில் எடுத்த முடியையும் அதில்தான் முடிந்து வைத்தோம்.

அவளைக் கேட்காமல் பெட்டியை இறக்கக் கூடாது. உத்தரவு கேட்க வேண்டும். பல்லி சொன்னால்தான் சம்மதம்.

கேட்டேன். கல் விழுகிற சத்தத்தில் பல்லி சொல்லவில்லை. மறுபடியும் கேட்டேன். சொல்லவில்லை.

அப்போது கங்காணி தவசி உள்ளே வருகிறான். ராசிங்காபுரத்துக்காரன். எங்கள் ஆள். எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கைநனைத்தவன். பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். மறைக்க மாட்டேன்.

"மாப்ளே, பெட்டிய எங்கிட்ட விட்டுட்டுப் போ. மொதலாளி பங்களா ஒட்டி என் வீடு. அங்கன ஒரு பய கல்லெறிய மாட்டான். சாமிய நான் பாத்துக்கிறேன்."

அவன் சொல்லி முடிக்கவும் பல்லி சொன்னது. மூன்று தரம்.

அவளே வழி காட்டிவிட்டாள் என்று நினைத்தேன். பெட்டியை இறக்கி அவன் கையில் கொடுத்தேன். அந்தத் தப்பு என்னுடையது. தங்கச்சியைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஓடினோம். பக்கத்து வீட்டு ஏலியம்மா சேச்சி சந்தில் நின்று கையை வீசிக் கத்தினார். "ரோட்டில் போகண்டா! ஆளுகள் நிக்குந்நு! காட்டுவழி போ!" அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும். அவர் அந்தப் பக்கத்துக்காரர்தான். எங்களைக் காப்பாற்றியது அவர் குரல். எங்களை அழித்தது எங்கள் ஊர்க் குரல்.

ஏலச்செடிக்குள் இறக்கம். காலெல்லாம் அட்டை. மேலே கண்ணாடி உடைகிற சத்தம். ஜீப்பு ஹாரன், விடாமல். பிறகு வெடிச் சத்தம் ஒன்று. கேஸ் சிலிண்டர் என்றார்கள்.

ஓடைக்கரையில் மூச்சு வாங்க நின்றோம். என் அண்ணன் பெருமாள் என் கையைப் பார்த்தார்.

"பெட்டி எங்கடா?"

"தவசிகிட்ட குடுத்துருக்கேன்ணே. பல்லி சொல்லுச்சு."

"கூறுகெட்டவனே! களை எடுத்த பொம்பளைகிட்டயே கமிஷன் பிடிக்கிறவன்டா அவன். பல்லி சொல்லுச்சாம் பல்லி! நம்ம தங்கச்சிப் புள்ளையக் கொண்டுபோய் அவன்கிட்டயா விட்டுட்டு வந்த?"

திரும்பி ஏறினார். முத்துலட்சுமி அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள். "சாமி நம்மளத் தேடி வரும். நீங்க போகாதீக." துண்டு அவள் கையில் தங்கிவிட்டது. அவர் போய்விட்டார். மணி பன்னிரண்டு இருக்கும்.

குரங்கணியில் காத்துக் கிடந்தோம். மறுநாள் காலை ஏழரைக்கு அவரைச் சாக்குத்தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். மண்டை உடைந்திருந்தது. பெட்டி இல்லை.

போடி ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோது சொன்னார். தவசி பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்திருந்தான். கொலுசு அவன் கையில் இருந்தது. அண்ணன் கேட்டதும் அவரை உள்ளே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டான். தெருவைப் பார்த்துக் கத்தினான். "இங்க ஒருத்தன் இருக்கான்! வாங்க!"

எங்கள் ஆள் கத்தினான். தமிழில் ஒரு தரம், மலையாளத்தில் ஒரு தரம்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டே முக்காலுக்கு அண்ணன் போனார்.

மாசியில் வழி திறந்தது. மேலே போனேன். பெட்டி அவன் ஆட்டுக்கொட்டத்தில் கிடந்தது. உள்ளே புண்ணாக்கு.

"எல்லாம் கலவரத்துல போயிருச்சு மாப்ளே. பூச்சி அரிச்ச நாலு துணி. அதுக்கா இம்புட்டு வருத்தம்?"

கொலுசைப் பற்றி அவன் சொல்லவே இல்லை. அவனை அடிக்கக் கை எழவில்லை. இறங்கி வந்து கருப்பசாமி கோவிலுக்குப் போனேன். காசு வெட்டிப் போட. காசைக் கல்லில் வைத்துச் சாமி முன்னால் வெட்டினால் இரு வீட்டுக்கும் உறவு அறுந்தது என்று அர்த்தம். அதன் பிறகு தப்புச் செய்தவனைச் சாமி கேட்கும்.

பூசாரி தடுத்தார். "அப்பு, வெட்டுனா ஒட்டாது. ஒன் வீட்டயும் சேத்துத்தான் சாமி பாக்கும். யோசிச்சுக்க."

"பாக்கட்டும்," என்றேன். காசின் மேல் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினேன். ஒரே அடி.

இரண்டு வருஷத்தில் தவசிக்கு வலது கையும் காலும் வாதத்தில் விழுந்தன. வாயும் கோணிவிட்டது. கத்த முடியாது. நான் சந்தோஷப்பட்டேன். சாமிக்குப் பொங்கல் வைத்தேன். பாவம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

போன ஆடியில் அவன் பெண்சாதி என் வாசலுக்கு வந்தாள். மடியை அவிழ்த்தாள். கொலுசு.

"அண்ணே, இந்தாங்க. வெட்டுன காச எடுத்துருங்க. அவுக படுற பாட்டப் பாக்க முடியல."

முத்துலட்சுமி அழுதுகொண்டே கை நீட்டினாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"கொலுச கொண்டாந்துட்ட. எங்க அண்ணனையும் கூட்டியாந்தியா?"

அவள் கொலுசை மடியில் முடிந்துகொண்டு பஸ்சுக்கு நடந்தாள். அன்றிலிருந்து முத்துலட்சுமி என்னோடு சாமி கும்பிட வருவதில்லை. தனியாக விளக்கேற்றுகிறாள்.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். எரிந்த வீடுகள் ஐந்து. பாவாடை ஒன்று. ரிப்பன் ஒன்று. வளையல், ஒரு கைக்கு ஆறு. ஆத்தாவின் சேலைத்துணி. மகளின் முதல் முடி. அண்ணன் பெருமாள், வயது நாற்பத்தாறு. கொலுசு ஒரு ஜோடி. அது மட்டும் என் வாசல் வரை திரும்பி வந்தது. நானே திருப்பி அனுப்பினேன்.