துவர்ப்பு அடங்கும் வரை

சிவப்பு ஒயினை ஃப்ரிட்ஜில் வைக்கக்கூடாது, மேடம். நம் ஊரில் பலரும் செய்கிற தவறு அது. சில்லிட்டுப் போனால் துவர்ப்புதான் முன்னால் நிற்கும், வாசனை ஒளிந்துகொள்ளும்.

எங்கள் தோட்டம் சிறுமலைச் சரிவில் இருக்கிறது. கீழே சமவெளியில் விளையும் பன்னீர்த் திராட்சை, அந்த வருடமே குடித்துத் தீர்க்கிற ஒயினைத்தான் தரும். மலையில் இரவு குளிரும். பழம் சிறுத்து, தோல் தடித்து, மெதுவாகப் பழுக்கும். அந்த ஒயின் இளசில் மாதுளைத் தோலைக் கடித்த மாதிரி நாக்கைப் பிடிக்கும். காத்திருக்க வேண்டும். எட்டு, ஒன்பது வருடத்தில் துவர்ப்பு அடங்கி, கிராம்பும் உலர்ந்த அத்தியும் மணக்கும். பேகம்பூர்ப் பக்கம் போனால் பதனிட்ட தோல் வாசனை வருமே, அதுவும் லேசாக இருக்கும். விழுங்கிய பிறகும் வாயை விட்டுப் போகாது.

2016 அறுவடை அப்படிப்பட்டது. மூன்று பீப்பாய். எனக்கு மனைவி மக்கள் இல்லை. அந்தப் பீப்பாய்களை விட்டுவிட்டு ஒரு வாரம்கூட நான் வெளியூரில் தங்கியதில்லை.

தம்பி ரொனால்டு நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உரிமம், விற்பனை, அலைச்சல் எல்லாம் அவன் பொறுப்பு. ஒயின் என் பொறுப்பு. போன மே மாதம் அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். விருந்தில் அவனே என் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்தான்.

"குடிச்சுப் பாருங்கண்ணே. எல்லாரும் கசக்குதுன்னு மூஞ்சியச் சுளிக்கிறாகள்ல, அதான் சீனிப்பாகு ஊத்திட்டேன். இப்ப எம்புட்டு நல்லாருக்கு."

"மூணு பீப்பாயிலயுமா?"

"மூணுலயும்தான். உங்க பேரச் சொல்லித்தான் குடிக்கிறாக."

உண்மைதான். இரண்டாவது கிளாஸ் கேட்டு வாங்கினார்கள். செம்பட்டியிலிருந்து வந்திருந்த சம்பந்தி என் தோளில் தட்டினார். நானும் சிரித்தேன். ஒன்பது வருடம் இருமல் மருந்தாகியிருந்தது. ரொனால்டை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை; அவன் ஆசையாகச் செய்தது.

இந்த மார்ச்சில் புது அறுவடை நொதித்து முடிந்தது. எங்கள் தொட்டி தரைக்குக் கீழே, ஆளுயரத்துக்கும் மேலான ஆழம். சாற்றை வடித்த பிறகு, அடியில் தங்கும் திராட்சைத் தோலை ஒருவர் இறங்கி அள்ள வேண்டும். ரொனால்டு இறங்கினான். கடைசிப் படியில் "அண்ணே" என்று ஒருமுறை கூப்பிட்டான். பிறகு சத்தமில்லை. நொதிக்கும்போது எழும் வாயு அடியில் தேங்கி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் ஆட்களைக் கூப்பிட்டேன். உடனே என்று சொல்ல முடியாது.

விபத்து என்று எழுதியது உங்கள் ஆட்கள்தான். அடக்கத்தன்று காலையிலும் அந்தச் சாற்றைப் பீப்பாயில் நிரப்பி மூடிவிட்டுத்தான் கல்லறைக்குப் போனேன். காற்றுப் பட்டால் கெட்டுவிடும். நல்ல ஒயினாக வரும் அது.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அவன் மனைவி அன்னாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவருக்கு எப்பவும் அவசரம்தான் அத்தான். விளக்க எறக்கிப் பாக்காமயே எறங்கியிருக்காரு. நீங்க எத்தன தடவ சொல்லியிருப்பீக."

தொட்டிக்குள் இறங்கும் முன் கயிற்றில் ஒரு விளக்கை இறக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அது அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது. அவள் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. செத்தவன் மேல் இல்லாத குற்றம் விழக்கூடாது. அதற்காகத்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ரொனால்டு அவசரக்காரன் இல்லை. ஏணியில் கால் வைக்கும் முன் கேட்டான்.

"வெளக்கு பாத்தாச்சாண்ணே?"

"பாத்துட்டேன்."

நான் பொய் சொல்லவில்லை, மேடம். பார்த்திருந்தேன். பாதி ஆழத்திலேயே அணைந்துவிட்டது.